தமிழில் டிரேடிங் கார்டு விளையாட்டு: கார்டுப் பெயரும் பிளேவர் டெக்ஸ்டும் எப்படி அமைப்பது?

பொங்கோல்_மீன்கொத்தி:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ப் பழங்கதைகளை வைத்து 120 கார்டுகள் கொண்ட விளையாட்டு ஒன்றை முழுக்கத் தமிழிலேயே செய்துகொண்டிருக்கிறோம். சிங்கபுரத்தை நிறுவிய சாங் நீல உத்தமா, பலசாலி பாடாங், புக்கிட் மேரா வாள்மீன் கதை எல்லாம் உண்டு. ஆடப்போவது உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். கார்டு 63 × 88 மி.மீ., டெக்கில் (ஒருவர் ஆடும் கட்டில்) 40 கார்டு, ஒரே பெயரில் 3 வரை.

மூன்று இடத்தில் சிக்கல். ‘உன் டெக்கிலிருந்து, பெயரில் “கடல்” உள்ள ஒரு கார்டை எடு’ என்று ஒரு விதி இருக்கிறது. கார்டுகளின் பெயர் கடற்படை, கடற்புலி, கடலோடி. இதெல்லாம் கணக்கில் சேருமா சேராதா என்று ஆட்டம் பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்து, நல்ல பெயராக அமைந்தால் தலைப்புப் பட்டையில் அடங்குவதில்லை. மூன்றாவது, பிளேவர் டெக்ஸ்ட் (விதிக்குக் கீழே வரும் கதைவரி) எழுதினால் பாடநூல் வாக்கியம் மாதிரி வருகிறது. இவற்றுக்கு என்ன வழி?

ஈசூன்_டெக்:

முதல் சிக்கல்தான் பெரியது. மற்ற இரண்டும் அதற்குப் பிறகு.

கார்டின் பெயர் இரண்டு வேலை செய்யும். ஒன்று, இது எந்தக் கார்டு என்று அடையாளம் காட்டுவது. இந்த வேலை எல்லா விளையாட்டிலும் உண்டு. மேஜிக், போக்கிமான் இரண்டிலும் ‘ஒரே கார்டு 4 வரை’ என்ற வரம்பைப் பெயரை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். ‘பிக்காச்சு’ ஒரு பெயர், ‘பிக்காச்சு இஎக்ஸ்’ இன்னொரு பெயர். அதனால் இரண்டையும் நான்கு நான்காக வைக்கலாம். இரண்டாவது வேலை, பெயருக்குள் இருக்கும் சொல்லையே விதி தேடுவது. நீங்கள் செய்திருப்பது இது.

இந்த இரண்டாவது வேலையைப் பெயர்மேல் முழுசாக ஏற்றிய விளையாட்டு யூ-கி-ஓ. அதில் என்ன ஆனது என்று பாருங்கள். ஜப்பானிய மூலத்தில் பெயரில் ‘டீமன்’ என்று இருந்த சில கார்டுகள் ஆங்கிலத்துக்குப் போனபோது அந்தச் சொல் விடுபட்டுப்போனது. ‘சம்மன்டு ஸ்கல்’ அவற்றில் ஒன்று. பின்னால் அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘ஆர்ச்ஃபீண்ட்’ என்று பெயர் வைத்துத் தனிக் குழுவாக்கினார்கள். பெயரில் அது இல்லாத பழைய கார்டுகளில் ‘இந்தக் கார்டு எப்போதும் ஆர்ச்ஃபீண்ட் கார்டாகக் கருதப்படும்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டியதாயிற்று. இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. ‘ஃபிராக் த ஜாம்’ என்ற கார்டின் பெயரில் தவளை உண்டு, ஆனால் அது தவளைக் குழுவில் இல்லை. மற்றத் தவளைக் கார்டுகளில் ‘இதைத் தவிர’ என்று எழுதிப் பார்த்தார்கள், கடைசியில் பெயரையே ‘ஸ்லைம் டோட்’ என்று மாற்றினார்கள்.

ஆங்கிலத்திலேயே இந்தப் பாடு. தமிழில் சொற்கள் சேரும்போது எழுத்தே மாறிவிடும். கடல் கடற்படையாகும், கல் கற்கோட்டையாகும், பொன் பொற்கிழியாகும், மரம் மரக்கோட்டையாகும், காடு காட்டுப்பன்றியாகும். உயிரெழுத்து வந்தாலும் தப்பாது, கடலோடியில் ‘ல்’ போய் ‘லோ’ நிற்கிறது. உங்கள் ஆட்டக்காரர்கள் சண்டை போடுவதில் நியாயம் இருக்கிறது.

என் முடிவான கருத்து: குழுவைப் பெயரில் வைக்காதீர்கள். படத்துக்குக் கீழே ‘வகை’ என்று ஒரு வரி வையுங்கள். ‘வகை: கடல் · வீரர்’. விதி ‘கடல் வகைக் கார்டு ஒன்றை எடு’ என்று இருக்கட்டும். பெயரை எப்படி வேண்டுமானாலும் புணர்த்தி அழகாக வைத்துக்கொள்ளலாம்.

பெயரில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் இகரத்திலோ ஐகாரத்திலோ முடியும் சொல்லை எடுங்கள்: புலி, நரி, இடி, அலை, மலை. புலிப்படை, புலிமுகம், புலியாட்டம் எல்லாவற்றிலும் ‘புலி’ சிதையாமல் நிற்கும். அப்போதும் தற்செயலாக வந்து ஒட்டும் சொற்களைத் தேடிப்பார்க்க வேண்டும். ‘தீ’ குழு வைத்தால் ‘தீவுக் காவலர்’ உள்ளே வந்துவிடுவார். ‘மதி’ வைத்தால் ‘மதில்’ வரும்.

விதி வாசகத்தில் பெயருக்கு வேற்றுமை உருபு சேர்க்கவே கூடாது. ‘மரக்கோட்டத்தை அழி’ என்று எழுதினால் தலைப்பில் உள்ள ‘மரக்கோட்டம்’ என்ற பெயரின் வடிவம் மாறிவிடும். ‘“மரக்கோட்டம்” என்னும் கார்டை அழி’ என்று எழுதினால் உருபு ‘கார்டு’ என்ற சொல்லோடு போய்விடும், பெயர் தலைப்பில் உள்ளபடியே இருக்கும். கார்டு தன்னையே குறிக்கும் இடத்தில் பெயரே வேண்டாம், ‘இந்தக் கார்டு’ போதும். மேஜிக்கிலும் பல ஆண்டு பெயரையே திருப்பி எழுதிக்கொண்டிருந்துவிட்டு, 2024 நவம்பரில் வந்த ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்பிலிருந்து பெரும்பாலான கார்டுகளில் ‘இந்த உயிரினம்’ என்ற பாணிக்கு மாறினார்கள்.

இன்னொன்று. பெயரை மேசையில் வாய்விட்டுச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் பலர் பேச்சில் ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகத்தான் சொல்கிறார்கள். ‘வாலி’, ‘வாளி’ இரண்டும் ஒரே தொகுப்பில் இருந்தால் தினமும் குழப்பம்தான். 120 பெயரையும் ஒருவர் படிக்க, இன்னொருவர் கார்டைப் பார்க்காமல் எழுதட்டும். எது தப்பாக எழுதப்படுகிறதோ அதை மாற்றுங்கள்.

பிராஸ்பசா_அச்சு:

அண்ணன் சொன்ன வகை வரிக்கு என் ஓட்டும் உண்டு. நான் அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

63 மி.மீ. அகலத்தில் இரண்டு ஓரமும் வெட்டுக்கான பாதுகாப்பு இடமும் விலை வட்டமும் (கார்டை ஆட ஆகும் செலவைக் காட்டுவது) போக, தலைப்புக்கு ஏறக்குறைய 45 மி.மீ. மிஞ்சும். 8 பாயிண்ட் தடித்த எழுத்தில் அதில் 16 முதல் 18 எழுத்து நிற்கும். எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும், ஆகவே ‘ணை’, ‘ஞா’, ‘கௌ’ மாதிரி அகலமான எழுத்துகள் நிறைந்த பெயரைப் போட்டுச் சோதியுங்கள். அடங்கவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள். ‘ன’வும் ‘ண’வும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். பெயரைச் சுருக்குங்கள்.

எக்செலில் எழுத்து எண்ணும் சூத்திரத்தை நம்ப வேண்டாம். ‘மீன்’ என்பதை அது 4 என்று எண்ணும், ஏனென்றால் ஈகாரக் குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் குறியீடு. ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், இரண்டாக உடைத்தும் தட்டலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. பட்டியல் முழுவதையும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு (உடைந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்ப்பது) மாற்றிவிட்டால் அது தீரும்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்கிறீர்கள் என்றால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ‘கொ’, ‘கெ’ எல்லாம் கொம்பு இடம்மாறிப் பிரிந்து நிற்கும். அச்சுக்குக் கொடுக்கும் பிடிஎஃப்பில் எழுத்துகளை வெளிக்கோடாக மாற்றிக் கொடுத்தால் அங்கே போய் உடையாது. சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு விளிம்பு சேர்த்துப் பக்க அளவு 69 × 94.

விதி வாசகம் 7 பாயிண்டுக்குக் கீழே போக வேண்டாம், வரி இடைவெளி 9.5. அதற்குக் குறைந்தால் மேல்வரியின் ‘கு’, ‘ழு’ வால்கள் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும்.

பிளேவர் டெக்ஸ்டைச் சாய்த்து எழுதுவது ஆங்கில வழக்கம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குச் சாய்வு வடிவம் கிடையாது, மென்பொருள் வலிந்து சாய்க்கும். சின்ன அளவில் அது படிக்கவே முடியாது. மெல்லிய எடையில் போட்டு, விதிக்கும் அதற்கும் நடுவே முடி அளவுக்கு ஒரு கோடு இழுத்தால் போதும்.

தேக்கா_வாசகி:

பிளேவர் டெக்ஸ்டுக்கு வருகிறேன். பாடநூல் வாசனை எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெயரும் படமும் விதியும் ஏற்கெனவே சொன்னதை நான்காவது தடவையாகச் சொல்வதால்.

புக்கிட் மேரா கதையையே எடுத்துக்கொள்வோம். கார்டு ‘வாழைமரத் தடுப்பு’. விதி: ‘எதிராளியின் வாள்மீன் வகைக் கார்டுகள் இந்தச் சுற்றில் தாக்க முடியாது.’ இதற்குக் கீழே ‘வாழைமரங்கள் வாள்மீன்களைத் தடுத்து மக்களைக் காத்தன’ என்று எழுதினால் அது வீண். மூக்கு மரத்தில் குத்தி மாட்டிக்கொண்ட மீன்களைப் படமே காட்டுகிறது. கார்டில் எங்கேயும் இல்லாதது, யோசனை சொன்ன சிறுவனுக்குப் பிறகு நேர்ந்த கதி: அரசனே அவனைக் கொல்லச் சொன்னது. அதைத் தொடுங்கள், முழுசாகச் சொல்லாதீர்கள்:

“யோசனை சொன்னவன் யார்?” அரண்மனை இரண்டு முறை கேட்டது. முதல் முறை, நன்றி சொல்ல.

கதை தெரிந்த பிள்ளைக்குத் திக்கென்று இருக்கும். தெரியாத பிள்ளை பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும்.

இன்னொன்று, சிங்கப்பூர்க் கல். பாடாங் தூக்கி எறிந்தது என்று கதையில் சேர்த்துச் சொல்லும் கல், 1843-ல் வெடிவைத்து உடைக்கப்பட்டது. மிஞ்சிய துண்டில் உள்ள எழுத்தை இன்னும் யாரும் படித்துமுடிக்கவில்லை. இதை இரண்டு வாக்கியத்தில் அடக்கலாம்:

ஏறக்குறைய ஐம்பது வரி எழுதியிருந்தார்கள். படிக்கத் தெரிந்தவர் வருமுன் வெடி வந்தது.

15 சொல்லுக்குள் நிறுத்துங்கள். விதி நான்கு வரி ஓடினால் அந்தக் கார்டுக்குப் பிளேவர் டெக்ஸ்டே வேண்டாம், 120 கார்டுக்கும் எழுதியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விதிச் சொற்களை அங்கே விடாதீர்கள். உங்கள் விதியில் ‘அழி’, ‘எடு’, ‘திருப்பு’ இருந்தால், ‘புயல் படகுகளை அழிக்கும்’ என்று கதையாக எழுதியதைக்கூட யாராவது விதியாக எடுத்துக்கொள்வார்கள். விதியில் ‘எடு’ என்றால் கட்டாயம், ‘எடுக்கலாம்’ என்றால் விருப்பம் என்று முன்னமே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாமல் வைத்திருங்கள்.

பேசும் ஆள் ஐந்தாறு பேர் போதும். ஒரு படகோட்டி, ஓர் அரண்மனைக் கணக்கர், ஒரு மீன்காரக் கிழவி என்று வைத்து, ஒவ்வொருவரும் ஏழெட்டுக் கார்டில் பேசட்டும். கிழவி பேச்சுத்தமிழிலேயே பேசட்டும், கணக்கர் எழுத்துத்தமிழில் எழுதட்டும். பேர் போடாமலேயே யார் பேசுகிறார் என்று தெரிந்துவிடும். குறளும் பழமொழியும் கையிருப்பில் நிறைய இருப்பதால் எல்லாக் கார்டிலும் ஒட்டத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அது அந்தக் கதைக்கே உரிய வரியாக இருக்காது.

பொங்கோல்_மீன்கொத்தி:

மூவருக்கும் மிக்க நன்றி. வகை வரிக்கு மாறிவிடுகிறோம். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. சாங் நீல உத்தமா இரண்டு கார்டாக வருகிறார், புயலில் மகுடத்தைக் கடலில் எறியும்போது ஒன்று, சிங்கத்தைக் கண்ட பிறகு ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மூன்று கார்டு வரம்பு இடிக்கிறது.

ஈசூன்_டெக்:

2023-ல் வந்த லோர்கானா என்ற கார்டு விளையாட்டில் செய்த மாதிரி, பெயரை இரண்டு அடுக்காக வையுங்கள். மேலே பெரிதாக ‘சாங் நீல உத்தமா’, அடியில் 6.5 பாயிண்டில் ‘மகுடம் எறிந்தவர்’. இன்னொன்றில் ‘சிங்கபுரம் கண்டவர்’. வரம்பை இரண்டு அடுக்கும் சேர்ந்த முழுப்பெயருக்கு வைத்து, விதியில் ஆளைக் குறிக்கும்போது மேலடுக்கை மட்டும் எழுதுங்கள். ஒரு கார்டை அதே ஆளின் இன்னொரு கார்டின்மேல் வைக்கும் வகையான விதி பின்னால் தேவைப்பட்டாலும் இந்த அமைப்பே தாங்கும். ஒரே ஆள் இரண்டு கார்டாக ஒரே நேரத்தில் களத்தில் நிற்கலாமா என்பதை மட்டும் விதிப்புத்தகத்தில் இப்போதே எழுதிவிடுங்கள், முதல் ஆட்டத்திலேயே அதைத்தான் கேட்பார்கள்.