நாலு பேட்டரிக்கும் நெகட்டிவை முதல் பேட்டரியிலேயே எடுக்கலாமா?

பாய்மரம் (பர்கூர்)
நேற்று அஞ்செட்டி நண்பரின் தோட்ட வீட்டு சோலார் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அரூர் வயர்மேன் அண்ணன் எழுதியது இது: "நாலு பேட்டரி பேரலலில் (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் சேர்த்து) இருந்தால் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் முதல் பேட்டரியிலேயே எடுக்கலாம். எல்லாம் ஒரே ஒயரில்தானே சேர்ந்திருக்கிறது? கடைசி பேட்டரிக்குப் போய் நெகட்டிவ் எடு என்பதெல்லாம் படம் காட்டுகிற வேலை."

படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. கொச்சியிலும் கோவாவிலும் ஒன்பது வருடம் பாய்மரப் படகுகளுக்கு ஒயரிங் செய்தவன் நான். நடுக்கடலில் ஈபி லைன் கிடையாது. ஃப்ரிட்ஜ், ரேடியோ, இரவு விளக்கு, சுக்கானைப் பிடிக்கும் ஆட்டோபைலட் எல்லாமே பேட்டரியில்தான் ஓடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யத் தனி பேட்டரி, மற்ற எல்லாவற்றுக்கும் தனி பேங்க், அதாவது ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய பேட்டரித் தொகுப்பு. அந்த பேங்கில் பாசிட்டிவ் ஒரு கோடியில், நெகட்டிவ் மறு கோடியில். குறுக்காக எடுப்பது என்று இதைத்தான் சொல்கிறேன்.

கணக்கும் தருகிறேன். 10 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் ஒரு அடிக்கு அரை மில்லி ஓம் வரும்; பேட்டரிக்குப் பேட்டரி ஒரு அடி ஒயர். பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸை 10 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் முதல் பேட்டரியில் எடுத்து 100 ஆம்பியர் இழுத்தால் முதல் பேட்டரி 32.6 கொடுக்கும். அடுத்தடுத்து 25.9, 21.7, கடைசி 19.8. அதே ஒயரில் குறுக்காக எடுத்தால் 26.2, 23.8, 23.8, 26.2. ஒரு பைசா கூடுதல் செலவில்லை. நெகட்டிவ் லக்கை (ஒயர் முனையில் உள்ள வளையத்தை) கழற்றி மறு கோடியில் மாட்டினால் போதும்.

பாலக்கோடு தக்காளி
பேங்க் என்றால் எது என்று முதலில் சொல்லிவிடுங்கள். 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? நாலும் பேரலலா, இரண்டிரண்டு சீரீஸா (ஒன்றின் பாசிட்டிவை அடுத்ததன் நெகட்டிவில் கோர்த்தா)? அதற்குத் தகுந்தபடிதானே பதில்?

அரூர் வயர்மேன்
வணக்கம். 22 வருடமாக இன்வெர்ட்டர் மாட்டுகிறேன். அரூர், மொரப்பூர், ஊத்தங்கரை எங்கே வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். முதல் பேட்டரியிலேயே இரண்டையும் எடுத்துத்தான் எல்லா வீட்டிலும் கொடுத்திருக்கிறேன். எந்த வீடும் மூழ்கவில்லை தம்பி. உங்கள் படகு மூழ்கும், அதனால் பயப்படுகிறீர்கள்.

இன்னொன்று. 10 ஸ்கொயர் ஒயரில் 100 ஆம்பியரா? இதுதான் ஒன்பது வருட அனுபவமா? ஒயர் சூடேறி உருகிவிடும். கணக்கே தப்பு.

பாய்மரம் (பர்கூர்)
100 என்று எடுத்தது பங்கு பார்க்க, அண்ணா. 40 ஆம்பியர் இழுத்தாலும் அதே விகிதம்தான். முதல் பேட்டரி 13, கடைசி 8. ஒயரின் அளவைப் பிடித்துக்கொண்டு கேள்வியை விட்டுவிடாதீர்கள். நெகட்டிவ் ஏன் முதல் பேட்டரியில்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

போச்சம்பள்ளி பெங்களூரா
கிருஷ்ணகிரிக்கு எப்போது கடல் வந்தது? சொல்லியிருந்தால் மாந்தோப்பை விற்று ஒரு படகு வாங்கியிருப்பேன்.

பாய்மரம் (பர்கூர்)
கடல் வரவில்லை. கடலுக்குப் போனவன் வந்திருக்கிறேன். 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து கிளம்பிய தாரிணி பாய்மரக் கப்பலில் நம் கடற்படைப் பெண்கள் ஆறு பேர் உலகைச் சுற்றிவிட்டு 2018 மே மாதம் திரும்பினார்கள். எட்டு மாதத்துக்கு மேல். அப்படிப்பட்ட கப்பலில் பேட்டரியை யாராவது கேலிப் பொருளாக நினைப்பார்களா? தளிக்கு மேலே, அஞ்செட்டிக்கு உள்ளே, காட்டோரத் தோட்ட வீடுகளில் சாயங்காலம் லைன் போனால் மறுநாள் காலைதான் வரும். யானை வருகிற ஊரில் இரவில் விளக்கு அணைவது சின்ன விஷயமா? படகுக்கும் அந்த வீட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அஞ்செட்டி தோட்டம்
என் வீட்டை வைத்துத்தான் சண்டையே நடக்கிறது, அதனால் விவரம் சொல்கிறேன். நாலும் 150 ஏஎச் டியூபுலர், 12 வோல்ட், பேரலல். முதல் பேட்டரி 14 மாதத்தில் போய்விட்டது. மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. விற்ற கடையில் கேட்டால் தண்ணீர் ஊற்றாததால் போனது என்கிறார்கள். நான் ஊற்றினேன்.

பாய்மரம் (பர்கூர்)
பார்த்தீர்களா! முதல் பேட்டரி! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒவ்வொரு நாளும் அதுதான் அதிகமாக இறங்கி, அதுதான் அதிகமாக ஏறியிருக்கிறது. நெகட்டிவை முதலிலேயே எடுத்த பலன்.

அரூர் வயர்மேன்
எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று அவரைக் கேளுங்கள்.

அஞ்செட்டி தோட்டம்
ஆர்ஓ தண்ணீர்.

அரூர் வயர்மேன்
முடிந்தது கதை. தண்ணீர்தான் காரணம்.

போச்சம்பள்ளி பெங்களூரா
போன மாதம் போர் மோட்டார் பேனல் பற்றிப் பேசும்போது "ஆர்ஓ தண்ணீரே போதும், டிஸ்டில்டு வாட்டர் காசுக்குப் பிடித்த கேடு" என்று எழுதியது யார்? நீங்கள்தானே வயர்மேன்? எனக்கு மறக்கவில்லை. அன்று என்னை முட்டாள் என்றீர்கள்.

அரூர் வயர்மேன்
நான் சொன்னது டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) பத்துக்குக் கீழே இருக்கும் ஆர்ஓ. வீட்டு மெஷினில் வருவது ஐம்பது, நூறு. வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேசுவது?

போச்சம்பள்ளி பெங்களூரா
அன்று டிடிஎஸ் என்ற வார்த்தையே உங்கள் வாயில் வரவில்லை.

பாலக்கோடு தக்காளி
எங்கள் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு, உப்பு இரண்டும் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தானே வந்தது? குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ பேட்டரிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சரி, என் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். 24 வோல்ட் பேங்க் என்றால் இந்தக் குறுக்கு எப்படி வரும்?

பாய்மரம் (பர்கூர்)
தண்ணீரை நாலு பேட்டரிக்கும் ஒரே கேனிலிருந்துதான் ஊற்றியிருப்பார். தண்ணீர் காரணம் என்றால் நாலும் போயிருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஏன் போனது? அதுவும் முதல் பேட்டரி ஏன்? வயர்மேன் அண்ணன் பதில் சொல்லட்டும். காத்திருக்கிறேன்.

தளி குளிர்
ஓசூரில் பேனல் வேலை செய்கிறேன். இரண்டு பேரும் பாதி சொல்கிறீர்கள். முதல் பேட்டரி அதிகமாக இறங்கினால் அதன் வோல்டேஜும் மற்றவற்றைவிடக் குறையும். உடனே மற்ற மூன்றும் கூடுதலாகக் கொடுக்க ஆரம்பிக்கும். சார்ஜ் முடியும் நேரத்தில் கரண்டு சில ஆம்பியராகக் குறைந்துவிடுவதால் ஒயரில் இழப்பே இருக்காது, நாலும் நிரம்பிவிடும். லேசான லோடுக்கு நெகட்டிவ் எங்கே இருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. மிக்ஸி, மோட்டார் என்று கனமான லோடு தினமும் ஓடினால் குறுக்காக எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. 10 ஸ்கொயருக்குப் பதில் 35 ஸ்கொயர் போட்டால் ஒயர் ரெசிஸ்டன்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், பிரச்சினையும் சுருங்கிவிடும். ஒரு பழைய பேட்டரியை மூன்று புதியவற்றோடு சேர்த்திருந்தாலும் இதே கதி வரும்.

அரூர் வயர்மேன்
தம்பி சரியாகச் சொன்னார். வித்தியாசம் வராது.

பாய்மரம் (பர்கூர்)
தம்பி சொன்னது "லேசான லோடுக்கு". அந்த வார்த்தையை எங்கே விழுங்கினீர்கள், அண்ணா?

தளி தம்பிக்கும் சொல்கிறேன். என் 10 மில்லி ஓம் கூட இரக்கப்பட்டு வைத்ததுதான். உள் ரெசிஸ்டன்ஸ் 5 மில்லி ஓம் உள்ள நல்ல பேட்டரி என்றால் முதல் பேட்டரி நூற்றில் 38.5 கொடுக்கும், கடைசி 16. பேட்டரி எவ்வளவு நல்லதோ அவ்வளவு மோசமாகப் பங்கு பிரியும். மற்ற மூன்றும் பிறகு கை கொடுக்கும் என்பது உண்மைதான், அதற்குள் முதல் பேட்டரி ஆழமாக இறங்கி முடிந்திருக்கும். ஒரு வருடம் தினமும் இப்படி நடந்தால் 14 மாதத்தில் சாகாமல் என்ன செய்யும்?

அரூர் வயர்மேன்
இன்று காலை என் வாடிக்கையாளர் வீட்டில் நானே கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் மீட்டர்) போட்டுப் பார்த்தேன். நாலு பேட்டரி, இரண்டு ஒயரும் முதல் பேட்டரியில். ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட ஒரே ரீடிங். 3, 3, 2.8, 2.9. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் பேப்பர் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பாய்மரம் (பர்கூர்)
என்ன லோடு ஓடியது? உங்கள் கிளாம்ப் பேட்டரியின் டிசி கரண்டைப் படிக்குமா?

அரூர் வயர்மேன்
கிளாம்ப் என்றால் கரண்டு படிக்கும். ஃபேன் நாலு, லைட் ஆறு, டிவி.

பாய்மரம் (பர்கூர்)
டிசி படிக்குமா என்று கேட்டேன். நம் பக்கம் பையில் இருக்கும் கிளாம்ப் மீட்டரில் பெரும்பாலானவை ஏசி கரண்டு மட்டும்தான் படிக்கும். அதன் தாடை வெறும் டிரான்ஸ்ஃபார்மர். டிசியைப் படிக்க ஹால் சென்சார் (காந்தப்புலத்தை உணரும் சில்லு) உள்ள மீட்டர் வேண்டும், அதை மாட்டும் முன் ஜீரோ பட்டனை அழுத்த வேண்டும். நாலு ஃபேன், ஆறு லைட், டிவி என்றால் 400 வாட் இருக்கும். 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்குக் குறையாது. உங்கள் நாலு ரீடிங்கையும் கூட்டினால் 11.7 வருகிறது. மீதி எங்கே போனது? நீங்கள் பார்த்தது கரண்டை அல்ல, இன்வெர்ட்டர் உண்டாக்கும் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளை, அதாவது டிசி மேல் ஏறும் ஏசி அலையை.

போச்சம்பள்ளி பெங்களூரா
வயர்மேன் இப்போது மீட்டரின் போட்டோ போடுவார். நாங்களும் பார்ப்போம்.

அரூர் வயர்மேன்
யாருக்கும் போட்டோ போட வேண்டிய அவசியம் எனக்கில்லை. தர்மபுரிக்காரன் உழைத்துச் சாப்பிடுகிறான். 2004-இல் தனி மாவட்டமாகப் பிரிந்து போனதிலிருந்து கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

பாலக்கோடு தக்காளி
நானும் தர்மபுரிதான் அண்ணா. மாவட்டத்தை இதில் இழுக்காதீர்கள்.

அஞ்செட்டி தோட்டம்
ஒரு சந்தேகம். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்வெர்ட்டரில் நாலு கட்டம் காட்டுகிறது. இரவு எட்டு மணிக்கு நாலு, பத்து மணிக்கு ஒன்று.

அரூர் வயர்மேன்
வோல்ட் மீட்டர் ஒன்று மாட்டுங்கள், 150 ரூபாய். 12.7 இருந்தால் ஃபுல், 12.2 வந்தால் பாதி. அவ்வளவுதான்.

பாய்மரம் (பர்கூர்)
லோடும் சார்ஜும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் இருந்தால்தான் அந்த எண் செல்லும். பகலில் சோலார் ஏறும்போது 14 காட்டும், இரவில் மிக்ஸி ஓடினால் 11.8 காட்டும். இரண்டும் பொய். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் இன்னும் மோசம். பெரும்பாலான நேரம் 13.2, 13.3-லேயே நிற்கும்.

படகில் ஷண்ட் போடுவோம். 500 ஆம்பியர் போனால் 50 மில்லிவோல்ட் தரும் பித்தளைக் கட்டை. உள்ளே போன ஆம்பியர், வெளியே வந்த ஆம்பியர் இரண்டையும் எண்ணிக்கொண்டே இருக்கும். அதை நெகட்டிவில் மாட்ட வேண்டும், பேட்டரிப் பக்கம் வேறு எந்த ஒயரும் இருக்கக் கூடாது. சோலார் கன்ட்ரோலரின் நெகட்டிவை நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தால் சார்ஜ் கணக்கில் வராது, மீட்டர் உளறும். ஆக, ஷண்ட் எங்கே வரும்? கடைசி பேட்டரியின் நெகட்டிவில். திரும்பவும் அங்கேதான் வந்து நிற்கிறோம்.

தளி குளிர்
ஷண்ட் மொத்த பேங்கைத்தான் காட்டும். நாலில் எது சாகிறது என்று காட்டாது. அதற்கு மாதம் ஒருமுறை ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தி காட்டும் கருவி) விட்டு 24 செல்லையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதினாலே போதும். ஒவ்வொரு பாசிட்டிவிலும் ஒரு ஃப்யூஸ் போடுங்கள். ஒரு பேட்டரி உள்ளே ஷார்ட் ஆனால் மற்ற மூன்றும் அதற்குள்ளே கொட்டும். நாலு பேர் சண்டை போடுகிறீர்கள், ஃப்யூஸ் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

அரூர் வயர்மேன்
ஃப்யூஸ் இன்வெர்ட்டருக்கு உள்ளேயே இருக்கிறது.

தளி குளிர்
இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் பேட்டரிக்கும் பேட்டரிக்கும் நடுவில் நடப்பதை எப்படித் தடுக்கும்?

அரூர் வயர்மேன்
22 வருடத்தில் ஒன்றுகூடப் பற்றி எரியவில்லை.

பாய்மரம் (பர்கூர்)
படகில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். தம்பி சொன்னது சரி. அதைத் தனியாகப் பேசலாம். வயர்மேன் அண்ணன் இன்னும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. முதல் பேட்டரி மட்டும் ஏன் செத்தது? கிளாம்ப் டிசி படிக்குமா?

அரூர் வயர்மேன்
ஞாயிற்றுக்கிழமை அஞ்செட்டிக்கு நானே நேரில் வருகிறேன். தோட்டக்காரர் சம்மதித்தால் அவர் கண் முன்னாலேயே அளந்து காட்டுகிறேன். முதல் பேட்டரியில்தான் எடுப்பேன்.

பாய்மரம் (பர்கூர்)
நானும் வருகிறேன். ஹால் சென்சார் மீட்டர் என்னிடம் இருக்கிறது. மிக்ஸி, அரை எச்பி மோட்டார் இரண்டையும் ஓட்டித்தான் அளக்க வேண்டும்.

அரூர் வயர்மேன்
உங்கள் மீட்டரை நான் எப்படி நம்புவது? என் மீட்டரில்தான் அளப்பேன்.

அஞ்செட்டி தோட்டம்
ஞாயிறு வீட்டில் காதுகுத்து. அடுத்த வாரம் வாருங்கள். அதுவரை மூன்று பேட்டரியில் ஓட்டுகிறேன். முன்பு இரண்டாவதாக இருந்தது இப்போது முதலாவதாக வந்திருக்கிறது, அதில் கை வைத்தால் சூடாக இருக்கிறது.

பாய்மரம் (பர்கூர்)
நண்பரே, இன்று இரவே மெயினை ஆஃப் செய்துவிட்டு அந்த நெகட்டிவ் லக்கைக் கழற்றி மூன்றாவது பேட்டரியில் மாட்டுங்கள். மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு ஸ்பேனரைப் பிடியுங்கள், அதன் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். மாட்டிய பிறகும் அந்த பேட்டரி சுட்டால் அதைத் தனியாகக் கழற்றி வைத்துவிடுங்கள்.

அரூர் வயர்மேன்
எதையும் கழற்றாதீர்கள். நான் வந்து பார்க்கும் வரை முதல் பேட்டரியிலேயே இருக்கட்டும்.

பாலக்கோடு தக்காளி
24 வோல்ட் பேங்க் பற்றிக் கேட்டிருந்தேன்.