டர்போ எஞ்சினில் ஆயில் பிரஷர் இறங்கியது: உங்கள் அனுபவம் என்ன?

என் வண்டி இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பிரஷருக்குக் குறையே இல்லை. நன்றாக விரட்டி ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் மட்டும் ஆயில் விளக்கு மினுக் மினுக்கென்று எரியும், ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்துவிடும். கேட்டவர்களில் பாதிப் பேர் "சென்சார்தான், மாத்திடு" என்றார்கள், மீதிப் பேர் "பேரிங் போச்சு, எஞ்சினை இறக்கு" என்றார்கள். யாருமே அளந்து பார்க்கவில்லை.

சென்சாரைக் கழற்றி அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டினேன். அடாப்டர் வாங்கும்போது மரையைக் கவனியுங்கள்: ஜப்பான் எஞ்சின்களில் பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி, அமெரிக்க கேஜ்களில் 1/8 என்பிடி, ஒன்றில் இஞ்சுக்கு 28 மரை, மற்றதில் 27. முதல் இரண்டு சுற்று சுகமாகப் போகும், அப்புறம் அலுமினியத்தை அறுத்துவிடும்.

குளிரில் ஐடிலில் 70 பிஎஸ்ஐ. சூடானதும் அதே ஐடிலில் 6, 4000 ஆர்பிஎம்மில் 32. ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய கைக்கணக்கு, கடைசி வார்த்தை சர்வீஸ் மேனுவல்தான். விளக்கு எரியவில்லை என்பதை நம்பி ஓட்டாதீர்கள், அந்த ஸ்விட்ச் பல வண்டிகளில் அரை பார் அளவுக்கு, அதாவது 7 பிஎஸ்ஐ பக்கம் இறங்கினால்தான் விழிக்கும்.

எண்ணை விட, அது எப்போது இறங்குகிறது என்பதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். குளிரிலும் குறைவு, முள்ளும் நடுங்குகிறது என்றால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, அடியிலிருந்து ஆயிலை உறிஞ்சும் பிக்கப் பைப்பில் விரிசல் அல்லது ஓ-ரிங் கோளாறு. ஐடிலில் சரியாக இருந்து ஆர்பிஎம் ஏற ஏற பிரஷர் ஏறாமல் நின்றால் மிகுதி பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் தளர்ந்து முன்கூட்டியே திறக்கலாம், இல்லை பிக்கப் வாயிலுள்ள வலை (ஸ்ட்ரெய்னர்) அடைத்திருக்கலாம். என்னுடையதைப் போல குளிரில் நன்றாக இருந்து சூட்டில் மொத்தமாக இறங்கினால், ஒன்று ஆயில் நீர்த்துவிட்டது, இல்லை எங்கோ பேரிங் இடைவெளி அதிகமாகிவிட்டது.

டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தது (டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போவில் குட்டிக் குட்டிப் பயணமே ஓட்டினால் இது சகஜம்). சரியான கிரேடு ஆயிலும் புது ஃபில்டரும் போட்டதும் சூட்டில் 6 என்பது 9 ஆனது. அவ்வளவுதான். சரி, பழைய ஃபில்டரை அறுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஹாக்ஸா பிளேடு வேண்டாம், அது தன் துகளையே உள்ளே கொட்டும், ஃபில்டர் கட்டர்தான் சரி. மடிப்புகளைப் பிரித்து ஆயிலைப் பிழிந்து வெயிலில் பிடித்தால் செம்பு நிறத்தில் மினுமினுப்பு. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. இரும்பில்லை, பேரிங் உலோகம் என்று புரிந்தது. அதற்குப் பிறகு எஞ்சினை ஓட்டவே இல்லை.

சம்ப்பை (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) இறக்கி கனெக்டிங் ராட் மூடிகளைத் திறந்தோம். மேல்பாதி ஷெல்களில் (பேரிங்கின் அரைவட்டத் தகடுகள்) சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது, எரியும் வாயு பிஸ்டனை அமுக்கும் பாரம் முழுதும் அந்தப் பாதியில்தான் விழுகிறது. மேனுவலில் பேரிங் இடைவெளிக்கு மேல் வரம்பு 0.05 மிமீ, பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியை அளக்கும் இழை) காட்டியது 0.09. சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் ஒழுகும் ஆயில் இடைவெளியின் மும்மடிக்கு ஏறும், ஆக கிட்டத்தட்ட ஆறு மடங்கு. பம்ப் என்ன செய்யும் பாவம்.

கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளந்து பாலிஷ் செய்து, புது ஷெல், புது பம்ப். ஆயில் கூலரையும் மாற்றினேன், உள்ளே தங்கிய துகளை முழுதாகக் கழுவி எடுக்கவே முடியாது. டர்போவுக்கு ஆயில் போகும் பைப்பின் பேஞ்சோ போல்ட்டில் (உள்ளே ஆயில் போகத் துளையுள்ள போல்ட்) குட்டி வலை இருந்தால் அதையும் பாருங்கள். லட்சம் ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றும் தண்டு அந்த ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. இப்போது சூடான ஐடிலில் 19.

* * *

எனக்கு வேறு கதை. டிராக்கில் நேர்க்கோட்டில் 60 பிஎஸ்ஐ, நீளமான வலது வளைவில் மட்டும் முள் 10-க்கு விழுந்து திரும்ப எழும். எஞ்சினில் கோளாறே இல்லை, ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பிக்கப் வாய் வெளியே வந்துவிடுகிறது. டேட்டா லாக்கரில் (ஓட்டும்போது அளவுகளைப் பதியும் கருவி) பக்கவாட்டு ஜி-யையும், அதாவது வளைவில் பக்கவாட்டில் தள்ளும் வேகத்தையும், பிரஷரையும் ஒரே திரையில் போட்டதும் பளிச்சென்று தெரிந்தது. தடுப்புத் தகடு வைத்த சம்ப் போட்டேன், தீர்ந்தது. இதற்காக மேக்ஸ் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அளவு மீறினால் கிராங்க் அதை நுரையாக அடித்துவிடும்.

* * *

புது வண்டிக்காரர்கள் பதறுவதற்கு முன் உங்களுடையது தேவைக்கேற்ப பிரஷரை மாற்றும் வேரியபிள் பம்ப்பா என்று பாருங்கள். அதில் குறைந்த ஆர்பிஎம்மில் பிரஷரை வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பார்கள். பல எஞ்சின்களில் அந்தப் பம்ப்பைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டின் (மின் வால்வு) கனெக்டரைக் கழற்றினால் பம்ப் முழு பிரஷருக்குப் போய்விடும். போகவில்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

* * *

அண்ணா, பேசாமல் 20W-50 மாதிரி கெட்டி ஆயில் ஊற்றினால் விளக்கு அணையாதா?

* * *

அணையும் தம்பி. தேய்ந்த ஷெல் தேய்ந்தபடியே இருக்கும், குளிரில் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரவும் தாமதமாகும். விற்கப் போகிறவர்கள் செய்யும் வேலை அது, வாங்கப் போகிறீர்கள் என்றால் சூடான ஐடிலில் கேஜ் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.