120 கல்லு கேட்டா 12010னு பில்லு: டைப் செக் யார் பண்ணணும்?

ஆத்தங்குடி_தம்பி
மாமாவோட டைல் பட்டறைக்கு ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு பில்லிங் பக்கம் செஞ்சு குடுத்தேன். கல்லு எத்தனைன்னு ஒரு கட்டம், அதை 60 ரூபாயால பெருக்கணும், அவ்வளவுதான். ரெண்டு மாசம் ஒழுங்கா ஓடுச்சு. போன வாரம் உடைசலுக்கு 10 கல்லு சேத்துக்கடான்னாக, கோடுல ஒரு கூட்டல் போட்டேன். நேத்து 120 கல்லுக்கு 7,800 வர வேண்டிய பில்லு 7,20,600னு வந்து நிக்குது. மாமா பிரிண்டைப் பாத்துட்டு "ஏன்டா, ஆயிரம் ஜன்னல் வீட்டுத் தரையப் பூரா பேத்துட்டா போடப் போறாக"ன்னு கேக்குறாக. "120"உம் 10உம் ஒட்டி 12010 ஆயிருச்சுன்னு புரியுது. ஆனா கட்டத்துக்கு டைப் (எண்ணா எழுத்தாங்குற வகை) நம்பர்னுதானே குடுத்திருக்கேன்? ஓட்டுறதுக்கு முன்னாடியே டைப் செக் பண்ற டைப்ஸ்கிரிப்டுக்கு மாறணுமா?

கோட்டையூர்_பழசு
அதெல்லாம் வேணாம் தம்பி. கட்டத்துல நம்பர்னு போட்டாலும் அதோட வேல்யூ ஸ்ட்ரிங்காத்தான், அதாவது வெறும் எழுத்து வரிசையாத்தான் வரும், அது பிரவுசர் வழக்கம். பெருக்கல் குறி பாத்தா ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணா மாத்திக்கும், அதான் ரெண்டு மாசமா தப்பு தெரியல. கூட்டல் குறிக்கு ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இருந்தாலே ஒட்டிப்புடும். நம்பர்()க்குள்ள போட்டு எண்ணா மாத்தி எடு, ஒரு வரி வேலை. இதுக்குப் போயி மொழிய மாத்துவாகளா?

பள்ளத்தூர்_டைப்ஸ்
அண்ணே அந்த ஒரு வரிய மறந்ததுக்குத்தானே இவ்வளவும்! 2012லயே மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்ட் விட்டது இந்த மறதிக்குத்தான். இதுல இருந்திருந்தா பில்லு அடிக்கிறதுக்கு முன்னாடியே எடிட்டர்ல சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

கோட்டையூர்_பழசு
எந்த வரியில விழும்னு சொல்லுங்க பாப்போம். ஸ்ட்ரிங்கோட நம்பரைக் கூட்டுறத டைப்ஸ்கிரிப்டும் தாராளமா விடும்.

பள்ளத்தூர்_டைப்ஸ்
சரிதான், கூட்டல்ல விட்டுரும். அடுத்த வரியில 60ஆல பெருக்குறப்ப ஸ்ட்ரிங்கைப் பெருக்க முடியாதுன்னு புடிச்சிரும்ல. ஒரு வரி தள்ளிப் புடிச்சாலும் மாமா கையில பிரிண்ட் போகாதுல்ல?

தேவகோட்டை_பைத்தான்
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பைத்தான்ல "120" கூட 10ஐக் கூட்டுனா ஓடும்போதே டைப்எர்ரர்னு நின்னுரும். முன்கூட்டியே செக் பண்ணாதுதான், ஆனா இஷ்டத்துக்கு மாத்தாது. முன்கூட்டிப் பாக்குறதும் கண்டிப்பா இருக்குறதும் வேற வேற, இங்க ரெண்டு பேரும் ரெண்டையும் போட்டுக் குழப்புறீக.

பள்ளத்தூர்_டைப்ஸ்
உங்க பைத்தான்ல "120"ஐ 60ஆல பெருக்கிப் பாருங்களேன், 120120120ன்னு 60 தடவை வரிசையா நிக்கும் 😂 7,20,600 தேவலாம். அதோட 2015ல 3.5 பதிப்புல வந்த டைப் ஹின்ட், அதான் எது எந்த டைப்புங்குற குறிப்பு, எழுதி வச்சாலும் ஓடுறப்ப அதை யாரும் சட்டை பண்றதில்ல, மைபைன்னு தனியா ஒரு செக்கர் ஓட்டணும்.

தேவகோட்டை_பைத்தான்
உங்க டைப்ஸ்கிரிப்ட் மட்டும்? ஜாவாஸ்கிரிப்டா மாறும்போது எல்லா டைப்பும் உதிந்து போயிரும். சர்வர்ல இருந்து ஜேசன்ங்குற எழுத்து வடிவத்துல வர்ற தகவலுக்கு "இது நம்பர்"னு நீங்க எழுதி வச்சா அது நம்பராவா வந்துரும்?

கோட்டையூர்_பழசு
அதத்தான் நானும் சொல்றேன். வாசல்ல செக் பண்ணிட்டா வீட்டுக்குள்ள ஒவ்வொரு ரூமுக்கும் காவல் வேணாம். தம்பி, டைப் என்னன்னு சொல்ற டைப்ஆஃப் போட்டு பாத்துட்டு நிம்மதியாயிராத. நேன் இருக்கே, எண்ணே இல்லாதது, அதுக்கும் டைப்ஆஃப் "நம்பர்"னுதான் சொல்லும். நெசமாவே எண்ணுதானான்னு பாக்குற நம்பர்.இஸ்ஃபைனைட்தான் சரி. காலிக் கட்டத்தை நம்பர்()ல போட்டா 0 வரும், அதையும் முன்னாடியே தடுத்துரு. எழுத்தை முழு எண்ணா மாத்துற பார்ஸ்இன்ட் பக்கம் போகவே போகாத, 1,250ன்னு கமா போட்டு அடிச்சா 1ன்னு எடுத்துக்கும்.

பள்ளத்தூர்_டைப்ஸ்
இத்தனையும் ஒரு மனுஷன் ஞாபகம் வச்சுக்கணுமா?

கோட்டையூர்_பழசு
நீங்க போன் நம்பருக்கு டைப் என்ன வைப்பீக?

பள்ளத்தூர்_டைப்ஸ்
நம்பர்தான், ஏன்?

கோட்டையூர்_பழசு
நம்மூரு கோடு 04565. நம்பரா மாத்துனா முன்னால இருக்குற 0 போயி 4565. உங்க செக்கர் ஒரு வார்த்தை பேசாது, ஏன்னா நீங்கதான நம்பர்னு சொன்னீக. டைப் சரி, எடுத்த முடிவு தப்பு.

தேவகோட்டை_பைத்தான்
அண்ணே, போன வருஷம் லெட்டர்பேடுல 2421ன்னு அச்சடிச்ச கதையையும் சொல்லிருங்க.

கோட்டையூர்_பழசு
அது வேற. 04565ஐ மேற்கோள் குறி இல்லாம கோடுல அப்படியே எழுதிப்புட்டேன், முன்னால 0 இருந்ததால பழைய ஜாவாஸ்கிரிப்ட் அதை எட்டடிமான (0ல இருந்து 7 வரைக்கும் மட்டும் வச்சு எழுதுற) எண்ணா எடுத்து 2421 ஆக்கிருச்சு. ஜாவாஸ்கிரிப்டோட கண்டிப்பான ஸ்ட்ரிக்ட் மோடு போட்டிருந்தா அங்கயே எர்ரர் அடிச்சிருக்கும்.

பள்ளத்தூர்_டைப்ஸ்
டைப்ஸ்கிரிப்டும் அடிச்சிருக்கும் அண்ணே 🙂

ஆத்தங்குடி_தம்பி
கமாவுக்காக டெக்ஸ்ட் கட்டமாக்கி, கமாவ எடுத்துட்டு, காலியா இருந்தா நிறுத்தி, நம்பர்() போட்டு, இஸ்ஃபைனைட்டும் பாத்துட்டேன். 7,800 வந்துருச்சு. டைப்ஸ்கிரிப்ட் தை கழிச்சுப் பாக்குறேன். இப்ப என்னன்னா மாமா என்னைய நம்பாம அவுகளே கட்டத்துல 120+10ன்னு அடிக்கிறாக, "எண் சரியில்லை"ன்னு வருதாம், சண்டைக்கு வர்றாக.