ஒரே உறை, உள்ளே வேறு பாட்டு: 12 அங்குலத் தட்டுகளில் மாட்டிக்கொண்ட கதைகள்

ஊசிமுனை:

2011ல் வேலைக்காக இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருந்தேன். சனிக்கிழமை காலையில் துணியை மெஷினில் போட்டுவிட்டு, அது முடியும்வரை பக்கத்துச் சாரிட்டி கடைகளில் பழைய ரெக்கார்டு பெட்டிகளைக் கிளறுவது வழக்கம். அப்படி ஒரு நாள் ஒரு பவுண்டுக்கு அகப்பட்டது ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் 'ரிலாக்ஸ்', 12 அங்குல சிங்கிள், அதாவது ஒரு பாட்டுக்கென்றே ஒரு பெரிய தட்டு. என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதன் உறை கிழிந்திருந்ததால், உறைக்காகவே இதை வாங்கினேன். தட்டை வெளியே எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டுத் தட்டைப் போட்டேன். எனக்குத் தெரிந்த பாட்டு வரவில்லை. தாளம் போய்க்கொண்டே இருந்தது. இடையிடையே பேச்சு, முனகல். பல்லவி இப்போது வரும், அப்புறம் வரும் என்று காத்திருந்ததுதான் மிச்சம். குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கியும் விட்டது, பாட்டு முடியவில்லை. அறை நண்பர் எட்டிப் பார்த்து, "ரெக்கார்டு கீறல் விழுந்து மாட்டிக்கிச்சா?" என்றார்.

மாட்டவில்லை. அதன் நீளமே 16 நிமிடத்துக்கும் மேல். 1983 அக்டோபரில் பாட்டு வெளியானபோது 12 அங்குலத் தட்டில் முதலில் போனது இந்த வடிவம்தான். வாங்கியவர்கள் முகம் சுளித்ததால் 8 நிமிடச் சொச்சத்துக்குச் சுருக்கினார்கள். அப்புறம் தயாரிப்பாளர் டிரெவர் ஹார்ன் நியூயார்க்கில் பாரடைஸ் கராஜ் என்ற நடன கிளப்புக்குப் போய், இந்த நீளத் தட்டுகள் எதற்காக இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து மூன்றாவதாக ஒன்று செய்தார். மூன்றுக்கும் தட்டு எண் ஒன்றுதான். தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளையும் முழுதாக நம்ப முடியாது. பாட்டு முடிந்து ஊசி லேபிளை நோக்கி ஓடுகிறதே, அந்த வழவழப்பான வளையத்தில் சுரண்டியிருக்கும் எழுத்துகளைத்தான் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

அதிலிருந்து எனக்குப் பிடித்தது இந்த வளையப் பைத்தியம். அச்சுத் தட்டு வெட்டும் பொறியாளர்கள் அங்கே கையெழுத்துப் போடுவார்கள், கிண்டல் வரிகூட எழுதுவார்கள். ஜார்ஜ் பெக்கம் என்பவர் வெட்டியவற்றில் 'எ போர்க்கி பிரைம் கட்' என்று இருக்கும். அதைப் பார்த்தாலே இந்தத் தட்டு சத்தமாகவும் தெளிவாகவும் ஒலிக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ரீமிக்ஸ் என்றால் பழைய சினிமாப் பாட்டைப் புதுக் குரலில் பாடித் தடதடவென்று தாளம் போடுவது. நான் சொல்வது அதுவல்ல. பாடியவரின் அதே குரல், அதே ஒலிநாடாவின் தனித்தனி டிராக்குகள். அவற்றைப் பிரித்துப்போட்டு, பேஸ் என்ற கனத்த அடி ஒலியை மட்டும் ஓடவிட்டு, குரலைத் தாமதமாக உள்ளே கொண்டுவந்து வேறு உருவம் கொடுப்பது. ஒரே மாவில் தோசையும் ஊத்தப்பமும் போல.

உங்களுக்கும் இப்படி ஒரு தட்டு ஏமாற்றியிருக்கும், அல்லது வாரிக் கொடுத்திருக்கும். சொல்லுங்கள்.

பத்தங்குலம்:

அந்த 12 அங்குலமே ஒரு தற்செயல்தான், தெரியுமா? 1970களின் நடுவில் டாம் மோல்டன் என்ற அமெரிக்க ரீமிக்ஸ்காரர் ஒரு மாதிரித் தட்டு வெட்டப் போனபோது 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. பொறியாளர் ஹோசே ரோட்ரிகெஸ் 10 அங்குலத்தில் வெட்டிக் கொடுத்தார். பெரிய தட்டில் ஓரமாக ஒரு துண்டு மட்டும் பாட்டு இருந்தது மோல்டனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. வரிப்பள்ளங்களைப் பரப்பி வெட்டச் சொன்னார், அதற்கேற்ப ஒலியளவையும் ஏற்றினார்கள். பேஸ் ஒலி அதிகமானால் பள்ளம் அகலமாக ஆடும், அதற்கு இடம் வேண்டும். இடம் கிடைத்ததும் பாட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்துதான் 12 அங்குலத்துக்குப் போனார்கள். கடையில் விற்பனைக்கு வந்த முதல் 12 அங்குலம் 1976ல் சால்சோல் நிறுவனம் போட்டது: டபிள் எக்ஸ்போஷர் குழுவின் பாட்டு, வால்டர் கிப்பன்ஸின் ரீமிக்ஸ். என்னிடம் இல்லை. வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள்.

மிச்சம் ரோட்:

ஊசிமுனை அண்ணா, நான் விட்டுவிட்டு வந்தவன். என் கதை அது.

நாங்கள் லண்டனில் டூட்டிங் பக்கம். 2004ல் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருட்பிரகாசத்தின் 'கலாங்' கேட்டபோது வீட்டில் ஒரே சந்தோசம். எங்கள் பிள்ளை ஒன்று, சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து போருக்குள்ளால் வந்தது, ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரு தாளப் பெட்டியை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சத்தம் எழுப்புகிறதே என்று. அம்மாவுக்குப் பாட்டு விளங்கவில்லை. "அருட்பிரகாசத்தின்ட மகளோ" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வருடம் சோஹோவில் பெரிக் ஸ்ட்ரீட் கடை ஒன்றில் அதே பாட்டின் இரண்டு 12 அங்குலத் தட்டுகள் அருகருகே இருந்தன. ஒன்று எக்ஸ்எல் நிறுவனம் போட்டது, புதுசு. மற்றது ஷோபிஸ் என்ற சின்ன நிறுவனம் போட்டது, மூலை மடங்கி, யாரோ பேனாவால் எழுதிய விலைச்சீட்டு. நான் மடங்காததை எடுத்தேன். கலியாண வீட்டுக்குச் சேலை எடுக்கிற மாதிரித் தெரிவு.

ஷோபிஸ் தட்டு 2003ல் வந்த முதல் அச்சு, மொத்தமே 500 பிரதி என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை ஓடிப்போனேன். இடம் காலி. "பாட்டு ஒன்றுதானே, வீட்டில இருக்குதானே" என்கிறார் மனைவி. அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

ஸ்கார்பரோக்காரன்:

டொராண்டோவில் எக்ளிண்டன் வெஸ்ட் பக்கத்தை லிட்டில் ஜமைக்கா என்பார்கள். மாமா ஒருவர் அங்கே முடிவெட்டக் கூட்டிப்போவார். ஜமைக்கா நாட்டு முதியவர் ஒருவரின் கடை, மூலையில் ஒரு ரெக்கார்டு பிளேயர். 7 அங்குலத் தட்டு ஒன்று முடிந்ததும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பிப்போட்டார். அதே பாட்டு, குரல் மட்டும் இல்லை. டிரம்ஸும் பேஸும் ஓட, அவரே மேலே பேசிக்கொண்டு பாதி வெட்டிய என் தலையைச் சுற்றி ஆடினார். எனக்கு வயது பத்து. காதுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தப் பி பக்கத்தில் 'வெர்ஷன்' என்று ஒரே சொல்தான் இருக்கும். 1960களின் கடைசியில் ஜமைக்காவில் ரடி ரெட்வுட் என்ற ஒலிபெருக்கிக்காரருக்கு ட்ரெஷர் ஐல் ஸ்டுடியோவில் ஒரு தட்டு வெட்டும்போது பொறியாளர் பைரன் ஸ்மித் குரல் டிராக்கை விட்டுவிட்டார். ரெட்வுட் அதை அப்படியே கூட்டத்தில் போட, சனமே பாட்டைப் பாடிவிட்டது. அதற்குப் பிறகு குரலில்லாத பக்கத்துக்கே தனிச் சந்தை. கிங் டபி மாதிரி ஆட்கள் அதை டப் என்று ஒரு கலையாகவே ஆக்கினார்கள். இன்றும் ரெகே என்ற அந்த ஜமைக்கா இசையில் எந்தத் தட்டு கிடைத்தாலும் நான் முதலில் போடுவது பி பக்கம்.

பல்லாவரம் வெள்ளி:

வெர்ஷன் நமக்கும் புதுசில்லை சார். ஒரே மெட்டை முதலில் சந்தோஷமாகவும் பிறகு சோகமாகவும் பாடுவது நம் சினிமாவின் பழைய பழக்கம். 'பாலும் பழமும்' படத்தில் 'நான் பேச நினைப்பதெல்லாம்' இரண்டு விதமாகவும் இருக்கிறது, 1961. சோகத்துக்கு வரும்போது அதே மெட்டு எப்படித் தளர்ந்துபோகிறது என்று கேளுங்கள். எந்த 12 அங்குலத்துக்கும் குறைந்ததில்லை. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் இந்த மாதிரி, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் ஈபி தட்டுகளைத்தான் தேடுவேன். நான்கு பாட்டைச் சின்னத் தட்டில் நெருக்கி அடைத்திருப்பதால் சத்தம் கொஞ்சம் மெலிவாகத்தான் வரும், பரவாயில்லை.

ஆனால் என் கதை வேறு. சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தவர். 1980களில் ஊர் ஊராக வாங்கிய தட்டுகளை எங்கள் வீட்டில் போட்டுவைத்திருந்தார். அதில் ஒரு 12 அங்குலம், வெறும் வெள்ளை லேபிள், ஒரு எழுத்தும் இல்லை. பெரிய தட்டு என்றால் 33 சுற்று என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். போட்டால், கனத்த ஆண் குரல், தேர் நகர்வது போல் ஒரு தாளம். இப்படியும் ஒரு ரீமிக்ஸா என்று மயங்கிப்போனேன். கல்லூரி நண்பர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். "அபூர்வத் தட்டு" என்று பீற்றிக்கொண்டது வேறு.

எட்டு மாதம் கழித்துச் சித்தப்பா லீவில் வந்தார். இரண்டு வரி கேட்டார். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் குமிழை 45க்குத் தள்ளினார். குரல் பெண் குரலாகிவிட்டது! 5 கட்டையில் பாடுகிறவரை 2 கட்டைக்கு இறக்கி இத்தனை நாள் கேட்டிருக்கிறேன். 6 நிமிடப் பாட்டு எனக்கு 8 நிமிடமாக இருந்திருக்கிறது. சித்தப்பா சிரித்த சிரிப்பில் பாட்டி அடுக்களையிலிருந்து வந்து என்னவென்று கேட்டார்.

தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊசிமுனை சொன்னதைப் படித்துவிட்டு இப்போதுதான் வளையத்தைச் சாய்த்துப் பார்த்தேன். ஏதோ எண், பக்கத்தில் ஒரு சின்ன பூ வரைந்திருக்கிறது. யார் வெட்டியதென்று யாருக்காவது தெரியுமா? 45ல் கேட்டால் சாதாரண டிஸ்கோ பாட்டுதான். நான் இன்னமும் 33லேயேதான் போடுகிறேன்.