சி.டி. ஸ்கேனை வைத்து எலும்பின் பலம் கணக்கிட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கும்பகோணம் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது. அறுவடை சமயம் களத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. டெக்ஸா (எலும்பு அடர்த்தி பார்க்கும் எக்ஸ்ரே) எடுத்ததில் இடுப்பு டி-ஸ்கோர், அதாவது இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண், மைனஸ் 2.1. மைனஸ் 2.5-ஐத் தொட்டால்தான் எலும்புப்புரை என்பது கணக்கு. ஆனால் அந்த எல்லைக்கு வராமலே பலருக்கு எலும்பு முறிகிறதே!

டெக்ஸா தட்டையான படம். சி.டி. படம் இருந்தால் கணினியில் எலும்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, அடர்த்திக்கேற்ப ஒவ்வொன்றுக்கும் உறுதியைக் கொடுத்து, பக்கவாட்டில் விழுந்தால் எவ்வளவு விசையில் முறியும் என்று பார்க்கிறார்கள். ஃபைனைட் எலிமென்ட் முறை. பாலம் கட்டும் இன்ஜினியர்களுக்குப் பழகிய சங்கதிதான்.

அம்மாவுக்குச் சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சி.டி. இருக்கிறது, தொடை எலும்பின் மேல்பகுதியும் அதில் விழுந்திருக்கிறது. அந்த ஸ்கேன் படங்களின் கணினிக் கோப்புகளை (டைகாம்) பென் டிரைவில் வாங்கி வைத்திருக்கிறேன். அடர்த்தியை ஒப்பிடக் கூடவே வைத்துப் படமெடுக்கும் மாதிரிக் கட்டை (phantom) வைக்காமல் எடுத்தது. அதை வைத்தே கணக்கிடலாமா? தஞ்சாவூர், திருச்சி பக்கம் யாராவது செய்கிறார்களா, எவ்வளவு ஆகும்? மருந்து தொடங்குவதை அந்த முடிவு உண்மையில் மாற்றுமா? எலும்பு டாக்டர்கள் இருந்தால் இதற்குத்தான் முதலில் பதில் வேண்டும்.

முருங்கைக்கீரை யோசனையைத் தெருவே சொல்லிவிட்டது, அது வேண்டாம்.