ஒரே நாளில் நாலு ஏரி: டூர் பஸ்ஸா, வாடகைக் காடியா?

செம்பனைக்காரன்:
மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகள் கனடாவில், கல்கரியில் இருக்கிறாள். ஜூலையில் என்னையும் அப்பாவையும் வரச் சொல்லி, வழிகாட்டியோடு ஒருநாள் பஸ் டூரும் பதிந்துவிட்டாள். லூயிஸ் ஏரி, மொரேன் ஏரி, பெய்டோ ஏரிக் காட்சிமுனை, எமரால்ட் ஏரி, எல்லாம் ஒரே நாளில்! காசைக் கரியாக்கும் வேலை. நம்ம ஊர் கேமரன் மலைக்கு வளைந்து வளைந்து ஏறுகிறவனுக்கு மலைப்பாதை புதுசா? வாடகைக்கு ஒரு காடி எடுத்தால் நம் இஷ்டத்துக்கு நின்று பார்க்கலாம்.

வாணி_ஈப்போ:
அண்ணே, மொரேனுக்கு உங்கள் காடியை விடவே மாட்டார்கள். 2023-லிருந்து அந்தச் சாலையில் சொந்த வண்டி, வாடகை வண்டி எதுவும் கிடையாது. டூர் பஸ்ஸில் போகணும், இல்லையென்றால் அங்குள்ள தேசியப் பூங்கா நிர்வாகத்தின் ஷட்டில் பஸ். அந்த ஷட்டிலுக்கு ஒரு பங்கு சீட்டை முன்கூட்டியே விடுவார்கள், மிச்சத்தை இரண்டு நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறப்பார்கள். தீபாவளிக்கு ஊர் போக பஸ் டிக்கெட் தேடின அனுபவம் இருந்தால் அந்தக் கூத்து புரியும்.

செம்பனைக்காரன்:
சரி, மொரேனுக்கு மட்டும் பஸ் என்று வைத்துக்கொள்வோம். மற்றதுக்கு? கல்கரியிலிருந்து லூயிஸுக்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர். அங்கிருந்து பெய்டோ வடக்கே, எமரால்ட் மேற்கே பக்கத்து மாநிலத்தில், யோஹோ பூங்காவில். நாள் முழுக்க ஜன்னல் கண்ணாடியைத்தான் பார்க்கணும். ஏரிக்கரையில் இறங்கி நாலு போட்டோ எடுப்பதற்குள் கிளம்பு கிளம்பு என்று விரட்டுவார்கள்.

தோட்டத்துப்பேரன்:
அங்கே படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அண்ணன் சொல்வதில் பாதி சரி. மொரேன் தண்ணீரைக் கையில் அள்ளினால் நிறமே இருக்காது. பனியாறு பாறையை அரைத்து அரைத்து விட்ட மாவு அதில் மிதக்கிறது, வெயில் அதில் பட்டுச் சிதறுவதால்தான் அந்த நீலம். கரையில் நின்றால் அது முழுசாகத் தெரியாது, பக்கத்துப் பாறைமேட்டில் ஏறணும். படி இருக்கிறது, ஆனால் பெரியவர் மெதுவாகத்தான் ஏறுவார். அவசர டூரில் அது நடக்காது.

செம்பனைக்காரன்:
அதைத்தான் தம்பி நானும் சொல்கிறேன். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பால்மரம் வெட்டியே முட்டி தேய்ந்துபோச்சு.

வாணி_ஈப்போ:
முட்டி வலி இருந்தால் பஸ்தான் நல்லது! பெய்டோவில் நம் காடியைக் கீழே நிறுத்திவிட்டு ஏற்றத்தில் நடக்கணும். டூர் பஸ்ஸை மேல் பார்க்கிங் வரை விடுவார்கள். அப்புறம், அங்கே வலப்பக்கம் ஓட்டணும், அது ஞாபகம் இருக்கா? கேமரனில் இடப்பக்கம் ஓட்டின கையை வைத்துக்கொண்டு முதல் நாளே நெடுஞ்சாலையில் இறங்கப் போகிறீர்களா, அதுவும் அப்பாவை உட்கார வைத்து?

புதுவரவு_பீடோர்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பிள்ளைகளுக்கு மே கடைசியில் பள்ளி விடுமுறை. அப்போது போகலாமா?

தோட்டத்துப்பேரன்:
வேண்டாம் அக்கா. ஏரி உறைந்தே கிடக்கும், மொரேன் சாலையை ஜூன் வாக்கில்தான் திறப்பார்கள். தண்ணீர் நிறைந்து நிறம் ஏறுவதே ஜூன் கடைசியில்.

செம்பனைக்காரன்:
எமரால்ட் இல்லாத டூராக மாற்றச் சொல்லி அக்கா மகளுக்கு மெசேஜ் போட்டாச்சு. மறுநாள் பான்ஃப் டவுனுக்குக் காடி எடுக்கத்தான் போகிறேன், அதில் மாற்றம் இல்லை. வாணி, இதற்கும் சண்டைக்கு வருவீங்களா?

வாணி_ஈப்போ:
வருவேன். அக்கா மகளுக்கு லைசென்ஸ் இருக்கு இல்ல? அவளை ஓட்டச் சொல்லுங்க.