ஜாவா 17-இல் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பிலிருந்து கிளையன்ட் நிரல் உருவாக்குவது எப்படி?

கேள்வி: தென்றல்_நிரலர்

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்து வாடிக்கையாளர் தரும் மதிப்புக்கூட்டு வரி எண் செல்லுமா என்பதை, ஐரோப்பிய ஆணையம் நடத்தும் விஐஇஎஸ் சேவையில் கேட்டுச் சரிபார்க்கும் பகுதி ஒன்று எங்கள் கணக்கியல் மென்பொருளில் உள்ளது. அச்சேவையை எப்படி அழைப்பது என்று வரையறுக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைக் கொடுத்து, ஜாவா 8-உடன் வந்த டபிள்யூஎஸ்இம்போர்ட் கருவி உருவாக்கிய கிளாஸ்களைத்தான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். இப்போது ஜாவா 17, ஸ்பிரிங் பூட் 3 ஆகியவற்றுக்கு மாறும்போது அந்தக் கட்டளையே இல்லை. பழைய கிளாஸ்களை அப்படியே கொண்டுவந்தால், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ்களைக் காணவில்லை என்று கம்பைலர் ஒவ்வொரு கோப்பிலும் பிழை காட்டுகிறது. இம்போர்ட் வரிகளை அப்பேக்கேஜ்களின் புதிய பெயரான ஜகார்த்தா என்று கையால் மாற்றிவிடலாமா, அல்லது முறையான வழி உண்டா? உருவாக்கிய கிளாஸ்களைக் கிட் களஞ்சியத்தில் வைத்திருப்பது சரிதானா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வெண்பா17

கையால் மாற்ற வேண்டாம், நண்பரே. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இல் வலைச் சேவைகளை அழைக்க உதவும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், எக்ஸ்எம்எல்லை ஜாவா பொருள்களாக்கும் ஜாக்ஸ்-பி இரண்டும் ஜாவா மேம்பாட்டுத் தொகுப்பான ஜேடிகேயிலிருந்து நீக்கப்பட்டன. டபிள்யூஎஸ்இம்போர்ட்டும் அவற்றோடு போய்விட்டது. ஜாவா 9-லேயே இவை நீக்கப்படவுள்ளவை என்று குறிக்கப்பட்டிருந்தன. கருவி மறைந்துவிடவில்லை, தனி நூலகமாக இன்றும் கிடைக்கிறது. மேவன் என்ற பில்ட் கருவியில் அதற்கான ப்ளகின் ஜாக்ஸ்டபிள்யூஎஸ்-மேவன்-ப்ளகின், காம்.சன்.எக்ஸ்எம்எல்.டபிள்யூஎஸ் என்ற குழுப்பெயரின் கீழ் உள்ளது. அதன் 2.3 வரிசை ஜாவாஎக்ஸ் பேக்கேஜ்களையும், 3.0 முதலான வரிசைகள் ஜகார்த்தா பேக்கேஜ்களையும் எழுதித் தரும். உங்களுக்கு ஸ்பிரிங் பூட் 3 என்பதால் 4.0 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். இயங்கும்போது தேவைப்படும் ஜாக்ஸ்டபிள்யூஎஸ்-ஆர்டி நூலகமும் அதே வரிசையில் இருக்கட்டும்.

களஞ்சியத்தில் இருக்க வேண்டியது டபிள்யூஎஸ்டிஎல் கோப்புதான், கிளாஸ்கள் அல்ல. கோப்பை ரிசோர்சஸ் அடைவில் வைத்து, ஒவ்வொரு பில்டிலும் டார்கெட் அடைவுக்குள் கிளாஸ்கள் புதிதாக உருவாகும்படி அமைத்துவிட்டால், நாளை ஜாவா பதிப்பு மாறினாலும் ப்ளகினின் எண்ணை மாற்றுவதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். உருவாக்கிய நிரலை ஒருவர் கையால் திருத்தத் தொடங்கினால், அந்தத் திருத்தம் எதற்காக என்று அடுத்து வருபவருக்குத் தெரியாது. மறுமுறை உருவாக்கவும் அஞ்சுவார். உங்கள் குழு பழைய கிளாஸ்களில் ஏதேனும் கை வைத்திருக்கிறதா என்று முதலில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பதில் 2: கடலோரம்

மேலே சொன்னதை முழுமையாக ஆமோதிக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். உருவாகும் சர்வீஸ் கிளாஸில், கருவிக்கு நீங்கள் தந்த கோப்பின் முகவரி அப்படியே பதிந்துவிடும். அந்தக் கிளாஸ் உயிர்பெறும்போது அம்முகவரியிலிருந்து டபிள்யூஎஸ்டிஎல்லை மறுபடியும் படிப்பதால், உங்கள் மடிக்கணினியின் கோப்புப் பாதை பதிந்திருந்தால் சர்வரில் முதல் அழைப்பே விழும். எனவே யூஆர்எல் ஏற்கும் கன்ஸ்ட்ரக்டரைப் பயன்படுத்தி, கிளாஸ்பாத்திலுள்ள கோப்பை கெட்ரிசோர்ஸ் மூலம் கொடுங்கள். அழைக்க வேண்டிய சேவை முகவரி வேறு; அதை பைண்டிங்ப்ரோவைடரின் கோரிக்கைச் சூழலில் எண்ட்பாயின்ட் முகவரியாகத் தனியே அமைக்கலாம்.

தென்றல்_நிரலர்

இருவருக்கும் நன்றி. ப்ளகின் வேலை செய்கிறது. கிளாஸ்கள் ஜகார்த்தாவுடன் வந்துவிட்டன. வரி எண்ணைச் சரிபார்க்கும் செக்வேட் என்ற மெத்தட் எதையும் திருப்பித் தராமல், ஆறு ஹோல்டர்களை (மதிப்பைத் தாங்கும் பொருள்களை) வாங்கிக்கொள்கிறது. பழைய கிளாஸில் செக்வேட்ரெஸ்பான்ஸ் என்ற ஒரே பொருள் திரும்பி வந்ததாக நினைவு. இது ஏன் மாறியது?

பதில் 3: வெண்பா17

கருவி தன் இயல்புப்படி கோரிக்கை, பதில் ஆகியவற்றின் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் மதிப்புகளை மெத்தடின் அளவுருக்களாக்கிவிடும். இச்சேவையின் பதிலில் நாட்டுக் குறியீடு, வரி எண், தேதி, செல்லுபடி, பெயர், முகவரி என ஆறு மதிப்புகள் உள்ளன. முதலிரண்டும் கோரிக்கையிலும் வருகின்றன. ஜாவா மெத்தட் ஒரே மதிப்பைத்தான் திருப்பித் தர முடியும் என்பதால் ஆறும் ஹோல்டர்களாகின்றன. உங்கள் பழைய அமைப்பில், எப்படி நிரலாக்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் பைண்டிங் கோப்பு ஒன்று இருந்திருக்க வேண்டும். அதில் எனேபிள்ராப்பர்ஸ்டைல் என்பதை ஃபால்ஸ் என்று வைத்து, ப்ளகினின் பைண்டிங்ஃபைல்ஸ் அமைப்பில் அக்கோப்பைக் குறிப்பிட்டால், செக்வேட்டை வாங்கி செக்வேட்ரெஸ்பான்ஸைத் தரும் மெத்தட் கிடைக்கும். அதில் பெயரும் முகவரியும் நேரடிச் சரமாக அல்லாமல், மதிப்பைச் சுற்றிய உறையான ஜாக்ஸ்பிஎலிமென்ட்டாக வரும். அவை இல்லாமலும் இருக்கலாம், வெறுமையாகவும் இருக்கலாம் என்று வரையறை இரண்டையும் அனுமதிப்பதே காரணம்.

பதில் 4: கடலோரம்

இந்த இடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். விஐஇஎஸ்ஸில் பலர் இடறுவது இங்கேதான். கருவி வரையறையில் முறையாக அறிவிக்கப்பட்டதை மட்டுமே நிரலாக்கும். மனிதர் படிப்பதற்கான குறிப்புரையைக் கண்டுகொள்ளாது. இன்வேலிட்_இன்புட், எம்எஸ்_அன்அவெய்லபிள், டைம்அவுட் போன்ற பிழைகள் அக்கோப்பில் குறிப்புரையாகவே எழுதப்பட்டிருப்பதால், அவற்றுக்கெனத் தனி எக்செப்ஷன் கிளாஸ்கள் உருவாகா. எல்லாமே சோப்ஃபால்ட்எக்செப்ஷன் என்ற ஒரே பொதுப் பிழையாக வரும். அதன் செய்தியைப் படித்துத்தான் நீங்கள் பிரிக்க வேண்டும். எம்எஸ்_அன்அவெய்லபிள் என்றால் குறிப்பிட்ட உறுப்பு நாட்டின் தரவுத்தளம் அப்போது பதில் தரவில்லை என்று பொருள். அதை "எண் தவறு" என்று பதிவுசெய்துவிட்டால் நேர்மையான வாடிக்கையாளர் பாதிக்கப்படுவார். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்பதே முறை.

நாட்டுக் குறியீடும் அப்படியே. வரையறையில் அது வெறும் சரம். கிரீஸுக்கு ஜிஆர் என்று அனுப்பினாலும் கம்பைலர் தடுக்காது. சேவை ஏற்பதோ இஎல் என்பதைத்தான். ஜெர்மனி பெயரையும் முகவரியையும் வெளியிடுவதில்லை. அவ்விடத்தில் மூன்று சிறு கோடுகள் வரும். ஆகவே உருவாகும் கிளாஸ்களை மென்பொருள் முழுவதும் பரவவிடாமல், உங்கள் சொந்த கிளாஸ் ஒன்றுக்குள் அடைத்து, இவ்விதிகளையெல்லாம் அங்கேயே எழுதுங்கள். காத்திருப்பு நேர வரம்பையும் அதே கிளாஸில் வையுங்கள். வரம்பு வைக்காவிட்டால், மறுமுனை பதில் தராத நாளில் உங்கள் த்ரெட்கள் ஒவ்வொன்றாக அங்கேயே தேங்கிவிடும்.